ஊர்ப்பெயரும் நீர்ப்பெயரும்

நம் புதுவை நகரின் வடபால், கோரிமேட்டின் செம்மண் மேட்டுக்கும் கருவடிக்குப்பத்திற்கும் அணித்தாய் அமைந்த லாஸ்பேட்டையை அறியாதார் இலர். கல்லூரிகளும் விமான நிலையமும் புதிய குடியிருப்புகளும் நிறைந்த அப்பகுதியின் பெயரில் ‘பேட்டை’ என்பது நம் சொல். ‘லாஸ்’ என்பது யாது? 1765 முதல் 1777 வரை, இடையிற் சிறிது காலம் நீங்கலாக, புதுவையின் ஆளுநராய் வீற்றிருந்த ழான் லா தெ லோரிஸ்தோன் என்பாரின் பெயரால் அப்பேட்டை வழங்கலாயிற்று என்பர். 1761இல் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கிய நகரை மீண்டும் எழுப்பிய காலம் அவர் காலமே. அவர் பிரெஞ்சுக்காரராயினும் அவர்தம் குலம் ஸ்காட்லாந்து நாட்டினது. எடின்பரோ நகருக்கு அருகிலுள்ள லோரிஸ்டன் என்னும் இடமே அக்குலப்பெயருக்கு மூலம். பிரான்சு தேசத்தில் தம் செல்வத் திட்டங்களால் புகழையும் பழியையும் ஒருங்கே எய்திய ஜான் லா அவருடைய தந்தையின் தமையனார்.

கடல் கடந்து வந்த ஒருவர் பெயர் இருநூற்றைம்பது ஆண்டுக்குப் பின்னும் நம் பேருந்துகளின் நெற்றியில் எழுதப்பட்டு ஓடுவதற்குக் காரணம் என்னை? அஃது ஏட்டில் ஏறியது, படத்தில் ஏறியது, பத்திரங்களில் ஏறியது. அதே பேட்டையின் சரிவில் மழைநீர் இறங்கி ஓடிய ஓடைகளுக்கும், அது தங்கி நின்ற பள்ளங்களுக்கும், கால்நடைகள் நீர் அருந்திய குட்டைகளுக்கும் மக்கள் இட்டு வழங்கிய பெயர்கள் எங்கே? அவை நாவில் மட்டும் வாழ்ந்தன. நாவோடு மறைந்து வருகின்றன. எஞ்சியவற்றையேனும் இன்றே கேட்டு எழுதி நிலப்படத்தில் ஏற்றுதல் வேண்டும் என்பதும், அப்பணிக்கு நம்போன்ற கல்லூரியாரே தக்கார் என்பதும் யான் ஈண்டுச் சொல்லப் புகுந்தவை.

இக்கருத்து எனக்கு நூலால் வந்ததன்று. என் சோம்பலால் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாலைப்பொழுதில், அப்பகுதியின் ஒரு குறுக்குத் தெருவில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். பக்கத்துத் திண்ணையில் இருந்த மூதாட்டி ஒருவர், தெருவில் ஓடும் நீரைத் தம் கைத்தடியால் சுட்டி, “தம்பி, இது தெருவாவதற்கு முன்னே பள்ளம். மேட்டுத் தண்ணீர் அந்த வேப்பமரத்தண்டை இறங்கும். இங்கே மூன்று நாள் நிற்கும். பிறகு அதோ அந்தச் சந்து வழியாய்க் கிழக்கே போகும். தண்ணீர் தன் வழியை மறக்குமா?” என்றார். “இதற்குப் பெயர் உண்டா, ஆயா?” என்றேன். உடனே சொன்னார். ஒரு பறவையின் பெயரும் அதனோடு ‘பள்ளம்’ என்னும் சொல்லும் சேர்ந்த அழகிய பெயர் அது. என் சட்டைப்பையில் எழுதுகோல் இருந்தது. ஆயினும் எழுதினேனில்லை, பிறிதொரு நாள் வந்து ஆரக் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

அடுத்த ஆண்டு சென்றபோது அம்மூதாட்டியார் காலமாகியிருந்தார். அப்பறவை கொக்கோ நாரையோ உள்ளானோ, எனக்கு நினைவில்லை. அவர் பேரனை வினவினேன். “ஆயா ஏதேதோ சொல்வார்கள், அண்ணா. எங்களுக்கு இது ஆறாவது குறுக்குத் தெருதான்” என்றான். ஓர் எழுதுகோலும் ஒரு துண்டுத் தாளும் காத்திருக்கக்கூடிய பெயரை என் சோம்பல் கொன்றது. அன்றுதொட்டு இக்குற்றம் என் நெஞ்சை உறுத்தி வருகின்றது.

ஒரு பள்ளத்தின் பெயர் போனால் என்ன நட்டம் என வினவுவாரும் உளர். நம் முன்னோர் நீர்நிலைகளுக்குப் பெயரிட்ட முறைமையை நோக்குக. கரையிட்டு நீரைத் தேக்கிப் பாசனத்திற்கு விடுவது ஏரி, அகழ்ந்து அமைப்பது குளம், சிறியது குட்டை, வந்த நீரைத் தாங்கி நிற்பது தாங்கல், ஆற்றினுள் ஆழ்ந்த இடம் மடு, நீர் சூழ உயர்ந்து நிற்பது திட்டு. இவ்வொரு சொல்லாலேயே நீர் எவ்வாறு வந்தது, எவ்வளவு நின்றது, எதற்குப் பயன்பட்டது என்பன விளங்குகின்றன. அதன் முன் வரும் அடைமொழியோ மரத்தையும் பறவையையும் மண்ணையும் தொழிலையும் உரைக்கின்றது. லாஸ்பேட்டையை அடுத்த நாவற்குளம் என்னும் பெயரைக் கேட்ட அளவிலே ஒரு மரமும் ஒரு நீர்நிலையும் நம் கண்முன் நிற்கின்றன. தேங்காய்த்திட்டு என்றால் நீரும் மேடும் கலந்த கழிமுகத்து நிலம் தோன்றுகின்றது. அப்பெயர்களுள் நிலநூலும் வேளாண்மையும் வரலாறும் இரண்டு சொற்களில் அடங்கிக் கிடக்கின்றன.

நிலத்தின் பெயர்களை எழுதிவைத்தல் நமக்குப் புதிதன்று. நம் பாகூரில் 1879இல் கிடைத்த செப்பேடுகள் நிருபதுங்க பல்லவனின் எட்டாம் ஆட்சியாண்டில் அவ்வூர் வித்தியாஸ்தானத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டதை உரைக்கின்றன. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே நம் மண்ணில் ஒரு கல்லூரி இருந்தது என்பதற்கு அவ்வேடுகள் சான்று. முதல் இராசராசன் நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்திற்கு ஆனைமங்கலத்தை அளித்ததைக் கூறும் இலெய்டன் செப்பேடுகளிலோ, எல்லையில் எதிர்ப்பட்ட வாய்க்கால்களும் வயல்களும் விரிவாகச் சொல்லப்படுகின்றன. பெண்யானையை எல்லை சூழ நடத்திக் கல்லும் கள்ளியும் நட்டு, ஊரார் கண்காண எழுதிய ஆவணம் அது. அக்காலத்துக்கு நிலப்படம் இல்லை. பெயர்களே படமாக நின்றன. ஒரு வாய்க்காலின் பெயரைத் தவறாக எழுதினால் ஓர் ஊரின் எல்லையே தவறும் என்பதை அவ்வெழுத்தர் நன்கு அறிந்திருந்தனர்.

பின்னர் ஐரோப்பியர் வந்து படம் வரைந்தனர். அவர்தம் செவிக்கு எட்டியவாறும் அவர்தம் எழுத்துக்கு இசைந்தவாறும் நம் பெயர்கள் உருமாறின. உழவர்கரை பிரெஞ்சு ஏடுகளில் ஊல்கரே ஆயிற்று. வில்லியனூர் வில்லெனூர் ஆயிற்று. ஊல்கரே என்று படிப்பவனுக்கு அங்கே உழவரும் இல்லை, கரையும் இல்லை. ஓசையின் நிழல் நின்றது, பொருள் நீங்கியது. லாஸ்பேட்டை இன்று அடங்கியிருப்பது அந்த உழவர்கரை நகராட்சியிலேதான் என்பதையும் நினைவு கூர்க. அக்காலத்திலேயே தமிழில் எழுதியவர் ஒருவர் இருந்தமையால் நாம் ஓரளவு பிழைத்தோம். 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பு இல்லையேல், அந்நாளைப் புதுவையின் சாவடிகளும் தோட்டங்களும் நம்மவர் வாயில் எவ்வாறு வழங்கின என்பதை நாம் அறியும் வழி மிகச் சுருங்கியிருக்கும்.

லா குலத்தாரின் தாயகமாகிய ஸ்காட்லாந்திலேயே இவ்வல்லல் நிகழ்ந்தது என்பது நாம் கருதற்பாலது. அந்நாட்டின் வடமேற்கு மலைகளிலும் தீவுகளிலும் வழங்கிவந்த மொழி கேலிக். அம்மொழியில் ஏரிக்கு ஒரு பெயர், சிற்றேரிக்கு ஒரு பெயர், ஓடைக்கு ஒரு பெயர், மலைச்சரிவில் குடைந்தாற்போன்ற பள்ளத்திற்கு ஒரு பெயர். அப்பள்ளத்தைக் குறிக்கும் ‘கோரே’ என்னும் சொல்லுக்குக் கொப்பரை என்பது பொருள். மலைமேல் ஒரு கொப்பரையைக் கவிழாமல் வைத்தாற்போன்ற இடத்திற்கு அதனினும் பொருத்தமான சொல் வேறு யாது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசாங்க நில அளவையார் அம்மலைகளை அளந்து படம் வரைந்தபோது, ஒவ்வொரு பெயரையும் ‘பெயர்ப் புத்தகம்’ என்னும் ஏட்டில் பதிந்தனர். பெயரின் எழுத்து, அதன் வேறு வடிவங்கள், அதற்குச் சான்று கூறியவர், இடத்தின் விவரம் எனப் பத்திகள் வகுத்தனர். முறைமை போற்றத்தக்கதே. குறை யாதெனில், சான்று கூறுவாராக நிலக்கிழாரையும் குருமாரையும் பெருமக்களையுமே பெரிதும் நாடினர். சிறு குடியானவர் சொல் நம்பத்தக்கதன்று என்னும் கருத்து அவ்வளவையாரின் விதிகளிலேயே இடம்பெற்றது. நாள்தோறும் ஆடு மேய்த்துப் பள்ளமும் ஓடையும் காலால் அறிந்தவனைக் கேளாது, மாளிகையில் இருந்தவரைக் கேட்டனர். அதனால் விளைந்த பிழைகளைக் களைந்து கேலிக் பெயர்களைச் செம்மை செய்வதற்கென்றே அந்நாட்டில் இன்று ஓர் அமைப்பு உழைத்து வருகின்றது.

அக்கேலிக் தீவுகளுள் ஒன்றாகிய லூயிஸ் தீவின் ஸ்டார்னோவே நகரில் 1754இல் பிறந்தவர் காலின் மெக்கன்சி. அவர் 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளராயினார். மைசூர் நாட்டை அளக்கச் சென்றவர், சங்கிலியும் கோணமானியும் மட்டும் கொண்டு சென்றாரல்லர். காவலி வேங்கட போரையா முதலிய நம் நாட்டுத் துணைவரை ஊர்தோறும் அனுப்பிக் கல்வெட்டையும் ஏட்டையும் ஊர்ப்பெரியோர் வாய்மொழியையும் தொகுத்தார். அத்தொகுப்பின் பெரும்பகுதி இன்றும் சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளது. ஸ்காட்லாந்துக் குலத்தார் ஒருவர் நம் மண்ணில் தம் பெயரை விட்டுச் சென்றார். ஸ்காட்லாந்தில் பிறந்த மற்றொருவர் நம் மண்ணின் பெயர்களைக் கேட்டு எழுதிச் சென்றார். நாம் யாரைப் பின்பற்றுவது என்பது வெளிப்படை.

இனி, இதனால் இன்றைக்கு ஆவதென்ன என்பதை நோக்குவோம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுவையில் ஒரு நாளில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாழ்ந்த நகர்களில் வீடுகளுக்குள் நீர் புகுந்ததையும், மக்களைப் படகில் ஏற்றியதையும் கண்டோம். அத்துணை மழை எந்த ஊருக்கும் துன்பமே. ஆயினும் நீர் எங்கு நின்றது என்று வியந்தோரை நோக்கி, ‘தண்ணீர் தன் வழியை மறக்குமா?’ என்று கேட்ட மூதாட்டியின் சொல் என் செவியில் ஒலித்தது. பள்ளம் என்று பெயருள்ள மனையை வாங்குமுன் ஒருவன் இருமுறை எண்ணுவான்; அதற்கே ‘நகர்’ என்று பெயர் மாற்றிவிட்டால் எண்ணுவதற்கு இடமில்லை. பெயர் என்பது நிலம் தன் வாயால் கூறும் எச்சரிக்கை. அதனை அழித்துவிட்டு வெள்ளத்தை நோவதில் பயனில்லை.

நீர்நிலைகளைக் காத்தல் வேண்டும் என்பதில் இன்று கருத்து வேற்றுமை இல்லை. குளங்களும் ஏரிகளும் சமுதாயத்தின் பொதுச் செல்வம் என்று உச்ச நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது. 2023இல் வெளியான நாட்டின் முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பு 24,24,540 நீர்நிலைகளைக் கணக்கிட்டது. ஆயினும் எண்ணுதல் வேறு, பெயர் சொல்லி அழைத்தல் வேறு. ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் பெரியன. அவற்றைக் காக்கக் குரல் எழுப்புவார் பலர். ஊசுட்டேரி 2008இல் பறவைகள் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது. கனகன் ஏரி, வேல்ராம்பட்டு ஏரி ஆகியனவும் பெயரோடு வாழ்கின்றன. பெயரற்ற குட்டைக்கோ வழக்காட எவர் வருவார்? ஒன்றைக் காக்க வேண்டுமாயின் அதனைக் குறித்துப் பேச வேண்டும். பேசுவதற்கு அதன் பெயர் வேண்டும். முதலில் பெயர் போகும். பின் வரத்துக்கால் போகும். பின் குட்டை போகும். இவ்வரிசையைப் பல ஊர்களில் கண்ணாரக் காண்கின்றோம்.

இதற்கு எழக்கூடிய தடைகள் மூன்று. வானத்து விண்கலங்கள் ஒவ்வோர் அடி நிலத்தையும் படம் பிடிக்கும் காலத்தில் பாட்டிமாரைக் கேட்டு எழுதுவது வீண்வேலை என்பது முதல் தடை. விண்கலம் நீரைக் காணும். நீரின் பெயரைக் கேளாது. கோடையில் வறண்டு கிடக்கும் பள்ளத்தை அது வெறுநிலம் என்றே கருதவும் கூடும். புல எண் இருக்கப் பெயர் எதற்கு என்பது இரண்டாவது. புல எண் அலுவலகத்திற்குப் பயன்படும்; ஆயின் தன் ஊர் ஓடையைப் புல எண்ணால் நேசித்தவன் உலகில் ஒருவனும் இலன்.

மூன்றாவது தடை எளிதில் தள்ளத்தக்கதன்று. பழம்பெயர்கள் சிலவற்றில் சாதியின் வடு இருக்கின்றது. இன்னார் நீர் மொள்ளும் குளம், இன்னார் அணுகலாகாத துறை என்பதையும் அவை கூறுகின்றன. அவற்றை ஏன் உயிர்ப்பிக்க வேண்டும் என வினவுவோர் நேர்மையுடையோர். என் கருத்து இது: தெருப்பலகையில் எழுதுவது ஒன்று, ஆராய்ச்சி ஏட்டில் பதிவது மற்றொன்று. ஒருவர் மனத்தைப் புண்படுத்தும் பெயரைப் பலகையில் எழுத வேண்டுவதில்லை. அவ்விடத்து மக்கள் விரும்பும் பெயரே அங்கு இருக்கத்தக்கது. ஏட்டிலிருந்து அதனை நீக்கினாலோ, தண்ணீர் மறுக்கப்பட்ட வரலாற்றையும் உடன் நீக்கியவர் ஆவோம். அதனால் இலாபம் அடைபவர் மறுத்தவரே, மறுக்கப்பட்டவர் அல்லர்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. பெயரைத் திருத்தும் ஆவலில் விரைதல் கூடாது. 2006இல் பாண்டிச்சேரி என்பது புதுச்சேரி எனச் சட்டத்தால் மாறியபோது மக்கள் நாவில் நெடுங்காலம் இருந்த வடிவமே அரியணை ஏறியது. எனவே எளிதில் நிலைத்தது. 2020 ஜூன் திங்களில் தமிழ்நாட்டரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கு இயையத் திருத்தி ஆணையிட்டது. நோக்கம் நன்றேயாயினும், எழுத்துமுறை பற்றிய கருத்து வேற்றுமைகளால் சில நாட்களிலேயே அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. முதலில் கேட்டல், பின் எழுதல், பின் ஒப்பிடல், இறுதியிலேயே முடிபு செய்தல் என்னும் வரிசை தவறலாகாது. பெயருக்குப் பொருள் காணும் ஆசையில் கதை கட்டுவதும் கூடாது. ஊரார் கதை சொன்னால் கதை என்றே எழுதுக.

மாணவ நண்பர்காள்! இப்பணிக்குப் பெரும்பொருள் வேண்டா. அயர்லாந்தின் ஆரன் தீவுகளுக்கு 1972இல் குடியேறிய டிம் ராபின்சன் என்னும் ஆங்கிலேயர், நடந்தே திரிந்து, ஊராரைக் கேட்டு, 1975இல் அத்தீவுகளின் படத்தை வெளியிட்டார். ஐரிஷ் மொழி அவருடைய தாய்மொழியன்று. தமிழோ நமக்குத் தாய்மொழி. விடுமுறையில் உங்கள் ஊருக்குச் செல்லுங்கால் ஒரு குறிப்பேட்டை உடன் கொண்டு செல்லுங்கள். அதில் ஆறு பத்தி இடுங்கள்: பெயர், சொன்னவர் சொன்ன ஒலியிலேயே தமிழெழுத்தில், அதன் வேறு வடிவங்கள், நீர்நிலையின் வகை, நீர் எங்கிருந்து வந்து எங்குச் செல்கின்றது என்பது, இன்றைய நிலை, சொன்னவரின் வயதும் தொழிலும், அவர் இசைந்தால் பெயரும். ஒருவரோடு அமையாது மூவரைக் கேளுங்கள். மூவரும் மாறுபட்டால் மூன்றையும் எழுதுங்கள். ஏர் பிடித்தவரையும் நாற்று நட்ட அன்னையரையும் மாடு மேய்த்தவரையும் வலை வீசியவரையும் மதகு திறந்தவரையும் முதலில் கேளுங்கள். ஸ்காட்லாந்தில் செய்த பிழையை நாம் செய்யலாகாது.

கைப்பேசியால் இடத்தின் நிலைக்கோட்டையும் நேர்க்கோட்டையும் குறிக்கலாம், குரலையும் பதியலாம். உலகத் தன்னார்வலர் ஒன்றுகூடி 2004 முதல் வரைந்து வரும் திறந்த நிலப்படத்தில் தமிழெழுத்திலேயே பெயரை ஏற்றவும் வழியுண்டு. ஏடுகளின் ஒரு படியை நம் கல்லூரி நூலகத்தில் வைக்கலாம். நிலநூல் மாணவர் படம் வரையவும், தமிழ் மாணவர் சொல்லாராயவும், வரலாற்று மாணவர் பழம்பத்திரங்களோடு ஒப்பிடவும் ஆண்டுதோறும் அவ்வேடு வளரும். பழைய மாணவர்களாகிய பெரியோர் தம் இளமைக்கால ஊர்ப்பெயர்களை ஒரு கடிதத்தில் எழுதி அனுப்பினாலும் அது பேருதவியாகும்.

அன்று யான் இழந்த பறவையின் பெயர் எனக்கு இனிக் கிடைப்பதற்கில்லை. ஆயினும் அத்தெருவில் ஒவ்வோர் ஐப்பசியிலும் மேட்டுத் தண்ணீர் இறங்கி, நின்று, கிழக்கே செல்கின்றது. இதைப் படிக்கும் உங்களுள் ஒருவருடைய வீட்டுத் திண்ணையிலும் அம்மூதாட்டியை ஒத்த ஒருவர் இருத்தல் கூடும். இவ்விதழை மூடியதும் அவரிடம் சென்று கேளுங்கள். எழுதுகோலை மறவாதீர்.